ஏறாமல் ஏறிய குன்று

(இலக்கிய வட்டத்தின் திங்கள் அமர்வில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மலையேற்றம் பற்றிய உரை என்றதும் இமயத்தையோ ஆல்ப்சையோ எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று பேசப்படும் குன்று மிகச் சிறியது. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர்தான். இத்தாலி நாட்டின் ஃபுளோரன்சு நகரில், ஆர்னோ ஆற்றின் தென்கரையில் அது நிற்கிறது. அதன் மேல் ஒரு சதுக்கம் உண்டு. மைக்கேலாஞ்சலோ சதுக்கம் என்று பெயர். ஆற்றின் வடகரையில் விரிந்து கிடக்கும் பழைய நகரம் முழுவதையும் ஒரே பார்வையில் அள்ளித் தரும் காட்சிமுனை அது. அங்கே நடந்து செல்லலாம், பேருந்தில் செல்லலாம். வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, செக்வே என்னும் இரு சக்கரப் பொறியின் மேல் நின்றபடியே, தாய்வாத்தின் பின் குஞ்சுகள் போல வரிசையாகவும் செல்லலாம். இறுதியாகச் சொன்ன இந்த முறையே இவ்வுரையின் பொருள்.

கவிஞர் அவைக்கு இது ஒரு பொருளா என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அண்மைக் காலப் பயணக் கவிதைகளை ஊன்றிப் படிப்பவர்கள் ஒன்றைக் காண்பார்கள். அவற்றுள் உச்சி இருக்கிறது, வழி இல்லை. முதல் அடியிலேயே கவிஞர் மலைமேல் நிற்கிறார். மூச்சிரைப்பு இல்லை, முழங்கால் வலி இல்லை. மலை எப்படி அவர் காலடிக்கு வந்தது என்பதைக் கவிதை சொல்வதில்லை. ஏறாமல் ஏறும் இக்கலையின் முழு வடிவத்தை ஒரு பொறியின் மேல் காணமுடியும் என்பதால்தான் அதனை இந்த அவைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

முதலில் பொறியைப் பற்றிச் சில சொற்கள். இரண்டு சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக அன்று, பக்கத்தில் பக்கமாக. அவற்றின் நடுவே இரு பாதங்கள் வைக்கும் அளவுக்கு ஒரு பலகை. பலகையிலிருந்து இடுப்புக்கு மேல் எழும் ஒரு தண்டு, அதன் முனையில் கைப்பிடி. இவ்வளவே. விசையை முடுக்கும் திருகு இல்லை, நிறுத்தும் கட்டை இல்லை. நிற்பவர் முன்னே சாய்ந்தால் பொறி முன்னே செல்கிறது, நிமிர்ந்தால் நிற்கிறது, பின்னே சாய்ந்தால் பின்னே வருகிறது. உள்ளங்கையில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடும் சிறுவனை நினைவில் கொண்டால் இதன் இயல்பு விளங்கிவிடும். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அவன் கை ஓடுகிறது. விழப்போகும் குச்சியின் அடியைக் கொண்டுபோய் அதன் தலைக்குக் கீழே நிறுத்துகிறது. செக்வேயில் குச்சி, மேலே நிற்கும் மனிதர். கை, கீழே ஓடும் சக்கரம். சாய்வின் அளவை விநாடிக்கு நூறு முறை உணர்ந்து சக்கரத்துக்கு ஆணையிடும் உணர்கருவிகள் உள்ளே இருக்கின்றன. நுட்பமாகப் பார்த்தால் அந்தப் பொறியின் மேல் எவரும் முன்னேறிச் செல்வதில்லை. அவர் ஒவ்வொரு கணமும் விழத் தொடங்குகிறார். பொறி ஒவ்வொரு கணமும் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாங்குதலே பயணமாகிறது.

இதன் பெயருக்கே இத்தாலிய வேர் உண்டு. 'செகுவே' என்பது அம்மொழியில் 'தொடர்கிறது' எனப் பொருள்படும் சொல். இசைக் குறிப்பேடுகளில், ஒரு பகுதி முடிந்ததும் நிற்காமல் அடுத்ததற்குச் செல்க என்பதைக் காட்ட அச்சொல்லை எழுதுவார்கள். அது ஆங்கிலத்தில் குடியேறி, எழுத்து மாறி, ஓர் அமெரிக்க வணிகப் பெயராகி, சுற்றுலாப் பயணியரின் காலடியில் மீண்டும் இத்தாலிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. சொற்களின் பயணங்களைத் தேடுவோர்க்கு இது ஒரு சிறு விருந்து.

டீன் கேமன் என்னும் அமெரிக்கர் இதனைக் கண்டவர். 2001ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் அது உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே, நகரங்களின் அமைப்பையே மாற்றப் போகும் மறைபொருள் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. வாரத்திற்கு 10,000 பொறிகள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 2020 ஜூலையில் உற்பத்தி நின்றபோது அதுவரை விற்றவை ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. பதினான்கு வாரங்களுக்கு எதிர்பார்த்த விற்பனை, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியது. ஒன்றின் விலை ஏறத்தாழ 5,000 டாலர். நடைபாதையில் விட நடப்போர் இடந்தரவில்லை, சாலையில் விட உந்துகள் இடந்தரவில்லை. இறுதியில் அதற்கு வாழ்வளித்தவர்கள் காவலர்களும், பண்டகசாலைக்காரர்களும், சுற்றுலா நடத்துவோருமே. உற்பத்தி நின்ற பின்னரும் இருந்த பொறிகளையும் அவற்றை ஒத்த வேறு பொறிகளையும் கொண்டு சுற்றுலாக்கள் தொடர்ந்தன.

இனிப் பயணம். வழிகாட்டியுடன் செல்லும் இத்தகைய சுற்றுலாவின் தொடக்கம் எங்கும் ஒன்றுதான்: தலைக்கவசம், ஒரு கையொப்பம், பிறகு சிறிது நேரப் பயிற்சி. பயிற்சியின்போது வழிகாட்டி கூறும் முதற்பாடம் கீழே பார்க்காதீர்கள் என்பது. புதியவர் அதைக் கேட்பதில்லை. கண் சக்கரத்தையே தேடுகிறது. உடனே உடல் சாய்கிறது, பொறி நகர்கிறது. அஞ்சிப் பின்னே சாய்கிறார், பொறியும் பின்னே வருகிறது. மனிதர் தம்மைத் திருத்த, பொறி அவரைத் திருத்த, இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு ஊஞ்சல் போல ஆடுகின்றன. மனிதர் திருத்துவதை விட்டுவிட்ட கணத்தில் ஆட்டம் நிற்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இந்தக் கட்டத்தில்தான் இறங்கிவிடலாமா என்று எண்ணுவார்கள். பத்து நிமிடம் கழிந்தால் அவர்களே கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒளிப்படம் எடுப்பார்கள். அது கூடாதென்று வழிகாட்டி திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பழைய தெருக்களில் இந்த ஊர்வலம் செல்லும்போது பார்ப்பவர்களின் முகம் இருவகைப்படும். வெளியூரார் சிரிக்கிறார்கள், உள்ளூரார் சுவரோடு ஒதுங்குகிறார்கள். அந்த ஒதுங்குதலை எளிதாக எண்ணலாகாது. செக் நாட்டின் பிராகு நகரில் இத்தகைய சுற்றுலாக்கள் பெருகி, நடைபாதையில் நடப்பதே அச்சமாகிவிட்டது என்று குடியிருப்போர் முறையிட்டதன் பேரில் 2016இல் நகரின் நடுப்பகுதிகளில் செக்வே தடை செய்யப்பட்டது. காட்சிமுனைக்குச் செல்கிறவர் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடும் தெரு, வேறொருவர் நாள்தோறும் பால் வாங்கிவரும் தெரு.

ஆற்றைக் கடந்ததும் குன்று தொடங்குகிறது. இங்கேதான் கதையும் தொடங்குகிறது எனலாம். மேலே செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று படிகள். பழைய மதிற்சுவரின் சிறு வாயிலைக் கடந்து, மேலே சான் மினியாத்தோ தேவாலயத்தை நோக்கி ஏறும் வழி. மற்றொன்று, வளைந்து வளைந்து செல்லும் அகன்ற சாலை. செக்வேயால் படியேற முடியாது; ஆகவே ஊர்வலம் சாலையைப் பற்றிக்கொள்கிறது. அந்தத் திருப்பத்தில் பயணி தாம் அறியாமலே ஒரு கவிஞரைப் பிரிகிறார்.

தாந்தேயின் பெருங்காப்பியத்தில் இரண்டாம் பகுதி முழுவதும் ஒரு மலையேற்றம். இறந்தோரின் உயிர்கள் தம் குற்றம் கழுவி ஏறும் மலை அது. முதல் அடுக்கில் செருக்குற்றோர் முதுகில் பாறை சுமந்து குனிந்து நடக்கிறார்கள். அவ்வடுக்கைக் கடந்ததும் மேலே செல்லும் படிக்கட்டு ஒன்று தென்படுகிறது. மறுவுலகின் அந்தப் படியை எப்படிக் காட்டுவது? பன்னிரண்டாம் காண்டத்தில் தாந்தே கையாளும் உவமை, ஃபுளோரன்சில் ஆற்றுப்பாலத்திற்கு மேலே, சான் மினியாத்தோவுக்குச் செல்லும் வழியில், வலப்புறமாக ஏறும் அந்தப் படிகள்தாம். அவ்விடத்தில் தம் நகரை, நன்கு வழிநடத்தப்படும் நகரம் என்று எள்ளலாகச் சுட்டுகிறார். கணக்கேடும் முகத்தலளவையும் திருட்டுக்கு ஆளாகாத காலத்தில் கட்டிய படிகள் என்றும் சொல்கிறார். ஒரு படிக்கட்டு உவமைக்குள் ஊரின் ஊழலை வைத்துவிட்டார்.

அந்த உவமையை எழுதியபோது அப்படிகளில் ஏற அவருக்கு உரிமை இல்லை என்பதை மறக்கலாகாது. 1302ஆம் ஆண்டில் அவர் நாடு கடத்தப்பட்டார். பிடிபட்டால் எரித்துக் கொல்க என்பது தீர்ப்பு. 1321இல் இரவென்னா நகரில் மறையும் வரை அவர் ஊர் திரும்பவில்லை. ஆகவே அந்தப் படிகளின் செங்குத்தும், ஏறும்போது வலப்புறமாகத் திரும்பும் திருப்பமும் அவர் காலில் தங்கியிருந்த நினைவிலிருந்து எழுதப்பட்டவை. கண்ணில் தங்கியது மங்கியிருக்கலாம். காலில் தங்கியது மங்கவில்லை.

அந்த மலையைப் பற்றி நான்காம் காண்டத்தில் வர்ஜில் ஒரு விளக்கம் தருகிறார். தொடக்கத்தில் ஏறுவது கடினம், ஏற ஏற எளிதாகும், இறுதியில் நீரோட்டத்தோடு செல்லும் படகுபோல ஏற்றம் இன்பமாகிவிடும் என்பது அதன் கருத்து. செருக்கின் அடுக்கு கடந்ததும் தாந்தேயே உடல் இலேசானதை உணர்ந்து வியக்கிறார். எளிதில் ஏறும் ஆசையை, ஆகவே, இழிவாகப் பேச வேண்டியதில்லை. அது காப்பியத்தின் உள்ளேயே இருக்கிறது. அங்கே அது பாறையைச் சுமந்தபின் வருகிறது; செக்வேயில் கையொப்பமிட்டபின் வருகிறது.

வழிகாட்டி என்ற சொல்லும் இங்கே நோக்கத்தக்கது. தாந்தேக்கு வர்ஜில் வழிகாட்டி. தமிழுக்கும் இது புதிதன்று. போய்வந்தவர் போகாதவருக்கு வழி கூறும் ஆற்றுப்படை ஓர் இலக்கிய வகையாகவே நின்ற மொழி இது. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் 583 அடிகளில் கூத்தர்களை நன்னனின் மலைநாட்டுக்கு ஆற்றுப்படுத்துகிறது. அதில் வழிகாட்டுபவர் காட்சியை மட்டும் காட்டுவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்றெல்லாம் எச்சரிக்கிறார். அதாவது, நடப்பவரின் காலை முன்னிறுத்தி அந்த வழிகாட்டல் அமைகிறது. வர்ஜிலும் அவ்வாறே, பாறை இடுக்கில் கையையும் ஊன்றி ஏறவேண்டிய இடத்தில் முன்னே நின்று அழைக்கிறார். இன்றைய சுற்றுலா வழிகாட்டியின் எச்சரிக்கைகளோ பொறியைப் பற்றியவை: இடைவெளி விடுங்கள், விளிம்புக்கல்லில் ஏற்றாதீர்கள், திருப்பத்தில் வேகத்தைக் குறையுங்கள். குன்றைப் பற்றி எச்சரிக்க அவருக்கு ஒன்றுமில்லை.

ஏனெனில் குன்று காலுக்குத் தெரிவதில்லை. இது உவமையன்று, பொறியின் இயல்பு. சாலை எவ்வளவு சரிந்தாலும் பாதம் நிற்கும் பலகையைப் பொறி கிடைமட்டமாகவே வைத்திருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறுகிறது. பாதம் சமதளத்தில் நிற்கிறது. மரங்கள் சாய்ந்து நிற்பதுபோல் தோன்றுவதால் ஏறுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, கணுக்கால் அதை நம்ப மறுக்கிறது. நடந்து ஏறுபவருக்கு 100 மீட்டர்க் குன்றும் ஒரு குன்றே. இவருக்கோ அது உயர்ந்துகொண்டே போகும் ஒரு சமவெளி.

எனினும் இந்தக் குற்றத்தை முழுவதும் பொறியின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. அது செல்லும் சாலையே ஏறாமல் ஏறுவதற்காகக் கட்டப்பட்டது. 1865 முதல் 1871 வரை ஃபுளோரன்சு இத்தாலியின் தலைநகராக இருந்தது. தலைநகருக்கு ஏற்ற உலாச்சாலை வேண்டுமென்று, ஜுசெப்பே பொஜ்ஜி என்னும் கட்டடக் கலைஞரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் தென்கரைக் குன்றுகளின் மேல் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்தில், குதிரை வண்டி மூச்சுவாங்காமல் செல்லத்தக்க மென்சரிவில், மரவரிசைகளுடன் சாலை அமைத்தார். 1869இல் இந்தச் சதுக்கத்தை எழுப்பினார். சீமாட்டிகள் வண்டியில் அமர்ந்தபடி மாலைக் காட்சி காணவே அது அமைந்தது. இரண்டு ஆண்டுகளில் தலைநகரம் உரோமுக்குப் போய்விட்டது. சாலை மட்டும் எஞ்சியது. சதுக்கத்தின் நடுவே மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையின் வெண்கலப் படி நிற்கிறது. 1873இல் அதை மேலே கொண்டுவர ஒன்பது இணை எருதுகள் பூட்டப்பட்டன. அந்தச் சாலையில் உண்மையாக மலையேறியவர் யார் என்று கேட்டால் அந்தப் பதினெட்டு எருதுகளைத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை வெறும் குறைகூறலாகிவிடும். செக்வே தனியாகப் பிறந்ததன்று. அதற்கு முன்பிறந்தது ஒன்று உண்டு. சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் நடைபாதை விளிம்பில் ஏற இயலாமல் தடுமாறியதைக் கண்டதே தம் ஆய்வின் தொடக்கம் என்று கேமன் கூறியிருக்கிறார். அதிலிருந்து உருவானது ஐபாட் என்னும் சக்கர நாற்காலி. அது இரண்டு சக்கரங்களின் மேல் நிமிர்ந்து நின்று, அமர்ந்திருப்பவரின் கண்ணை நிற்பவர்களின் கண்ணுக்கு நேராக உயர்த்தியது. படிகளிலும் ஏறியது. நடனக் கலைஞர் பிரெடு அஸ்டேரின் பெயரைப் படியேற்றத்தோடு சேர்த்துச் சிலேடையாக அதற்குப் பணிமனையில் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். பின்பு அதே சமநிலை நுட்பத்திலிருந்து செக்வே பிறந்தபோது, அவருடன் ஆடிய ஜிஞ்சரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த நாற்காலிக்கு 2003இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. விலை மிகுதியாலும் காப்பீடு கிட்டாமையாலும் விற்பனை சுருங்கி 2009இல் உற்பத்தி நின்றது. பல ஆண்டுகள் கழித்தே புதிய வடிவில் அது மீண்டும் வந்தது.

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு அந்தக் குன்றின் அடிவாரத்தைப் பார்க்க வேண்டும். கால் இல்லாதவருக்காகக் கண்ட நுட்பம் படியேறியது. அதிலிருந்து பிறந்து கால் உள்ளவரிடம் வந்து சேர்ந்த பொறியோ படியேறாது. தாந்தேயின் படிகள் ஒருபக்கம் கிடக்க, ஏறக்கூடிய கால்களை உடையவர்கள் ஏறமுடியாத பொறியின் மேல் நின்றுகொண்டு சாலையைச் சுற்றிப் போகிறார்கள்.

ஆனால் எல்லோரும் அப்படியல்லர். அமெரிக்காவில் போரில் கால் இழந்த வீரர்கள் பலருக்கு நன்கொடையாகச் செக்வே வழங்கப்பட்டது. செயற்கைக் காலோடு நெடுந்தொலைவு நடக்க இயலாதவர்கள், மற்றவர்களோடு நின்ற நிலையிலேயே, கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசிக்கொண்டு செல்ல அது உதவியது. மூட்டுத் தேய்ந்த ஒரு மூதாட்டி அந்தக் காட்சிமுனையைக் காண விரும்பினால் இவ்வளவு பேச்சும் அவர் முன் நிற்காது. ஊர்வலத்தில் முன்னே செல்பவர் சோம்பலால் நிற்கிறாரா, வலியால் நிற்கிறாரா என்பதைப் பின்னே நின்று பார்ப்பவர் அறிய முடியாது. எள்ளல் கவிதை எழுத முனையும் இளங்கவிஞர்கள் இந்த இடத்தில் சற்றுத் தயங்கினால் நல்லது.

ஃபுளோரன்சிலிருந்து துரத்தப்பட்ட மற்றொரு குடும்பத்தின் பிள்ளை பெத்ரார்க்கு. 1336ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் தம்பி கெரார்தோவுடன் பிரான்சின் வென்தூ மலையில் ஏறியதாக அவர் எழுதிய மடல் புகழ்பெற்றது. அது 1,900 மீட்டருக்கும் உயர்ந்த மலை. தம்பி செங்குத்தான நேர்வழியைப் பிடித்து ஏறுகிறார். அண்ணனோ எளிய வழி ஏதேனும் உண்டா என்று சுற்றிச் சுற்றிப் போய், ஏறுவதற்கு மாறாகப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறார், ஒருமுறையன்று, பலமுறை. அதைத் தாமே ஒளிக்காமல் எழுதுகிறார். உச்சியில் அகஸ்தீனின் நூலைத் திறந்து படித்ததும் மனம் உள்நோக்கித் திரும்பியதையே எல்லோரும் மேற்கோளாக எடுப்பது வழக்கம். எளிய வழி தேடி அலைந்த அந்தப் பத்திகளே மடலின் உயிர்நிலை என்று கொள்ள இடமுண்டு. அலைச்சலை நீக்கிவிட்டால் உச்சியில் திறந்த நூலுக்குப் பொருள் இல்லை.

சாலை ஏறும் குன்றுத்தொடரிலேயே, சற்றுத் தெற்கே, ஆர்செத்ரி என்னும் இடம் இருக்கிறது. 1633இல் தண்டிக்கப்பட்ட கலிலியோ தம் இறுதி ஆண்டுகளை அங்கே வீட்டுக்காவலில் கழித்தார். பொஜ்ஜியின் சாலையில் ஒரு பகுதிக்கு அவர் பெயர்தான். இயக்கம் பற்றிய அவருடைய பெருநூல் அங்கிருந்தே வெளிநாட்டுக்குச் சென்று 1638இல் இலெய்டன் நகரில் அச்சேறியது. ஊசலின் இயல்பை ஆய்ந்தவர் அவர். கண்ணிழந்த நிலையில், ஊசலால் இயங்கும் கடிகாரம் ஒன்றைத் தம் மகனுக்கு வாய்மொழியாக விளக்கினார். செக்வேயை இயற்பியலார் தலைகீழ் ஊசல் என்பார்கள். அவர் பெயர் கொண்ட சாலையில் தலைகீழ் ஊசல்கள் வரிசையாகச் செல்கின்றன. வியாழனின் துணைக்கோள்களைக் கண்ட கண், நகரின் அழகிய காட்சி கிடைக்கும் குன்றுகளின் நடுவே, எதையும் காணாமல் நான்கு ஆண்டுகள் இருந்து 1642இல் மறைந்தது. காட்சிமுனைக் கவிதை எழுதுவோர் அந்தக் கண்ணையும் நினைக்கலாம்.

இனி உச்சி. ஊர்வலம் சதுக்கத்தை அடைகிறது. வழிகாட்டி பொறிகளை ஓரமாக நிறுத்தச் செய்கிறார். கால்மணி நேரம் தருகிறார். கைப்பிடிச் சுவரருகே சென்றால் கீழே ஆர்னோ. அதன் மேல் பழம்பாலம் என்றே பெயர் பெற்ற பாலம். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய செருமானியப் படை ஆற்றின் மற்றப் பாலங்களைத் தகர்த்தபோது தப்பியது அது ஒன்றே. நேரே அரண்மனைக் கோபுரம். அதன் வலப்புறம், 1436இல் புருனெல்லெஸ்கி முடித்த செந்நிறப் பெருங்கவிகை. உள்ளே 463 படிகள் ஏறினால் அதன் தலைக்குச் செல்லலாம். அங்கும் பொறி செல்லாது. பின்னணியில் பியேசோலே குன்று.

இன்னும் வலப்புறம் சாந்தா குரோச்சே தேவாலயம். மைக்கேலாஞ்சலோவும் கலிலியோவும் அங்கே அடக்கமாகியுள்ளனர். தாந்தேக்கும் அங்கே பெரியதொரு நினைவுக் கல்லறை உண்டு. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. உடலைத் தரும்படி ஃபுளோரன்சு பலமுறை கேட்டும் இரவென்னா தரவில்லை. 2008இல் ஃபுளோரன்சு நகர மன்றம் பழைய தண்டனையை விலக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. எழுநூறு ஆண்டு கழித்து. வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களும் இருந்தார்கள் என்பது அரசியலின் சுவை. வழிகாட்டி கைநீட்டிக் காட்டும் கோபுரங்களுள் ஒன்றின் கீழே, வீடு திரும்ப விரும்பிய ஒரு கவிஞனுக்கு வைத்த வெற்றிடம் இருக்கிறது. கால்மணி நேரத்தில் அதையும் காணலாம். ஆனால் சொல்ல ஒருவர் வேண்டும். நல்ல வழிகாட்டிகள் சொல்கிறார்கள்.

இறக்கத்தில் பின்னே சாய்ந்து நிற்க வேண்டும். அப்போது சக்கரங்கள் மின்னாக்கிகளாகி, இறங்கும் விசையில் கொஞ்சத்தை மின்கலத்திற்குத் திருப்பித் தருகின்றன. ஏறியதன் விலையில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது; நடந்து ஏறியவருக்கு இந்தச் சலுகை இல்லை, இறக்கத்திலும் முழங்கால்தான் விலை கொடுக்கிறது. பொறிக்கும் தவறுவதுண்டு. மின்கலம் தளர்ந்தால் சமநிலை குலைந்து ஆட்களைத் தள்ளுகிறது என்று 2003இலும், சக்கரம் திடீரெனப் பின்னோக்கிச் சுழல்கிறது என்று 2006இலும், விற்ற பொறிகளைத் திரும்பப் பெற்றுத் திருத்த நேர்ந்தது.

ஓர் இறப்பையும் இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிப் பெருஞ்செல்வரான ஜிம்மி ஹெசல்டென் என்பவர் 2009இல் செக்வே நிறுவனத்தை வாங்கினார். 2010 செப்டம்பரில், தம் வீட்டருகே ஆற்றை ஒட்டிய உயர்ந்த ஒற்றையடிப் பாதையில் செக்வேயில் சென்றபோது விளிம்பிலிருந்து விழுந்து இறந்தார். உலகச் செய்தித்தாள்கள் அதை நகைமுரணாக எழுதின. பொறியின் முதலாளி பொறியாலேயே இறந்தார் என்று. அடுத்த ஆண்டு நடந்த இறப்பு விசாரணையில் வெளிவந்த செய்தி வேறு. நாயோடு நடந்து வந்த ஒருவருக்கு வழிவிடுவதற்காக அவர் பொறியைப் பின்னோக்கி நகர்த்தியிருக்கிறார்; அந்த நகர்வில்தான் நிலை தவறியிருக்கிறது. நகைத்தவர்கள் பலர் இதைப் படித்திருக்க மாட்டார்கள். நடப்பவருக்கு வழிவிட்டு இறந்த மனிதரின் கதை அது.

ஊர்வலம் மீண்டும் ஆற்றைக் கடந்து பழைய தெருக்களுக்குள் வருகிறது. உள்ளூரார் சுவரோடு ஒதுங்குகிறார்கள். புறப்பட்ட இடத்தில் ஒருவர் பின் ஒருவராக, ஒரு காலை முதலில் பின்னே எடுத்து வைத்து இறங்குகிறார்கள். தலைக்கவசங்களை வழிகாட்டி எண்ணி வாங்கிக்கொள்கிறார். பொறிகளை மின்னிணைப்பில் மாட்டும் ஓசை கேட்கிறது. இறங்கியவர்கள் தெருவில் நின்று வழக்கம்போல் நடக்க முற்படுகிறார்கள். சிறிது நேரம் உடல் முன்னே சாய்ந்து பார்க்கிறது; தரை நகர்வதில்லை. பிறகு ஒருவர் காலை எடுத்து வைக்கிறார்.